கல்லூரியைக் கண்டு தெளிதல்

நன்னூலின் பாயிரத்தைத் தமிழாசிரியர்கள் பலகாலும் கற்பித்திருப்பர். நல்லாசிரியர்க்கு நிலம், மலை, நிறைகோல், மலர் என்னும் நான்கினை உவமை காட்டிய பவணந்தியார், ஆசிரியராகார்க்குக் கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு என்னும் நான்கினைக் காட்டினார். தேர்வில் வினாவாக வருவதன்றி இப்பகுதிக்கு வேறு பயன் உண்டு என்று எண்ணுவோர் சிலரே. ஆயினும் இதனுள் ஒரு கருத்து அடங்கிக் கிடக்கிறது. ஆசிரியராகார் இன்னார் என்று நூல் எடுத்துக் கூறுவது எதற்காக? கற்கப் புகுவோன் அவரைக் கண்டு விலகுதற்கு அன்றோ? மாணாக்கனை ஆசிரியன் ஆராய்ந்து ஏற்பது போலவே, ஆசிரியனை மாணாக்கனும் ஆராய்ந்து அடைய வேண்டும் என்பது அங்கே சொல்லாமற் சொல்லப்பட்டது.

இன்று மாணாக்கன் தேர்வது ஓர் ஆசிரியரை அன்று, ஒரு கல்லூரியை. அதனை அவன் பெரும்பாலும் வண்ணத்தாளில் அச்சிட்ட கையேட்டிலும் இணையப் படங்களிலும் கண்டே தேர்கின்றான். படத்தில் எக்கல்லூரியும் அழகாகவே இருக்கும். ஆதலின் நேரிற் சென்று காணும் வழக்கம் பரவி வருகிறது. அது நல்ல வழக்கமே. ஆனால், சென்று திரும்பும் குடும்பங்களுள் பல, வாயிலருகே எடுத்த நிழற்படத்தையும் ஒரு துணிப்பையையும் அன்றி வேறொன்றையும் கொண்டு வருவதில்லை. காணச் செல்லுமுன் அறிய வேண்டுவன யாவை, சென்றபின் காண வேண்டுவன யாவை என்னும் பிரிவு தெரியாமையே இதற்குக் காரணம்.

கெடாவில் இப்பொருளைப் பேசுவதற்குத் தனிப்பொருத்தம் உண்டு. சீனத் துறவி இத்சிங் நாலந்தாவில் கற்க விரும்பி 671இல் கப்பலேறினார். ஸ்ரீவிஜயத்தில் ஆறு திங்கள் தங்கி வடமொழி இலக்கணம் பயின்றார். பின்னர் மலாயு நாட்டுக்கும், அறிஞர்கள் கெடா என்று கொள்ளும் துறைக்கும் வந்து, அங்கிருந்தே வங்கக் கரையை அடைந்தார். தமக்குப் பின் வருவோர் நேரே இந்தியா செல்லாது, ஸ்ரீவிஜயத்தில் ஓரிரண்டு ஆண்டு தங்கிப் பயின்று செல்லுதல் நலம் என்று எழுதியும் வைத்தார். அவர்க்கு முன்னர் நாலந்தாவில் கற்ற யுவான் சுவாங், அங்கே வாயிலிலேயே வினா எழுப்பி வடிகட்டும் முறை இருந்ததென்றும், பதின்மர் வந்தால் எழுவர் எண்மர் திரும்பிப் போயினர் என்றும் குறித்துள்ளார். அக்காலத்தில் வாயில் மாணாக்கனை வினவிற்று. இக்காலத்தில் கட்டணம் செலுத்த இசைந்தோர்க்குப் பல வாயில்கள் தாமே திறக்கின்றன. வினவும் கடமை மாணாக்கன் பக்கம் வந்து சேர்ந்துவிட்டது.

செமிலிங் வளாகம்

பீடோங்கிலிருந்து மெர்போக் செல்லும் சாலையில், ஜெராய் மலையின் அடிவாரத்தில் உள்ளது செமிலிங். பழைய கடாரத்தின் எச்சங்கள் கிடக்கும் பூஜாங் பள்ளத்தாக்கு இதன் அண்டை. சுங்கை பத்துவில் 2009 முதல் நடந்த அகழாய்வுகளில் பழைய இரும்புருக்குக் களங்கள் வெளிப்பட்டதும் இவ்வட்டாரத்தில்தான். அண்மைக் காலத்தைக் கூறின், இஃது இரப்பர்த் தோட்டங்களின் நாடு. பின்னர்ச் செம்பனைத் தோட்டங்களின் நாடு. பீடோங் வட்டாரத்துத் தமிழர்க்கு ஹார்வர்ட் என்றால் முதலில் நினைவுக்கு வருவது அமெரிக்கப் பல்கலைக்கழகம் அன்று, தம் பாட்டனார் பால் மரம் சீவிய தோட்டம். அத்தோட்டத்தின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகளும் உண்டு.

அத்தகைய நிலத்தில் ஒரு பல்கலைக்கழகம் எழுந்தது சிறிய செய்தி அன்று. ம.இ.கா.வின் கல்விக் கரமாக 1984இல் தோன்றிய எம்.ஐ.இ.டி. நிறுவனம், அந்நாள் கட்சித் தலைவர் ச. சாமிவேலு முன்னின்று ஊக்க, 2001இல் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியது. ஆசிய மருத்துவ, அறிவியல், தொழில்நுட்பக் கழகம் என்பது அச்சுருக்கப் பெயரின் விரிவு. தனியார் உயர்கல்வி நிறுவனச் சட்டம் 1996இல் வந்ததன் பின்னரே இத்தகைய முயற்சிக்கு வழி பிறந்தது. முதலில் சுங்கை பட்டாணியில் தற்காலிக இடத்தில் இயங்கி, பின்னர்ச் செமிலிங்கில் இருநூறு ஏக்கருக்கு மேற்பட்ட வளாகத்துக்குப் பெயர்ந்தது. மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல் முதலியவற்றோடு பொறியியலும் வணிகவியலும் அங்கே கற்பிக்கப்படுகின்றன. தோட்டத்துப் பிள்ளை மருத்துவம் கற்கச் சிங்கப்பூருக்கோ சென்னைக்கோ கடல் கடக்க வேண்டியிருந்த காலத்தை அறிந்த முதியோர்க்கு, தம் ஊர்ச் சாலையோரத்தில் மருத்துவப் பட்டம் வழங்கும் ஒரு வளாகம் நிற்பது வியப்பாகவே இருக்கும்.

ஆனால் அருகில் இருப்பது வேறு, அறிந்திருப்பது வேறு. அவ்வழியே நாள்தோறும் வண்டியில் செல்வோருள் அவ்வாயிலுக்குள் ஒருமுறையும் புகாதவர் பலர். ‘அது நமக்கு எட்டாது’ என்று எண்ணிப் புகாதவரும் உண்டு. ‘அது நம்முடையது’ என்று எண்ணி ஒன்றும் கேளாமலே பிள்ளையைச் சேர்ப்பவரும் உண்டு. இரண்டாம் வகையினர்க்குத்தான் எச்சரிக்கை மிகுதியாக வேண்டும். சமுதாயத்தின் பெயரால் எழுந்த கல்லூரி என்பது பெருமைக்கு உரிய காரணம்; ஒரு மாணாக்கன் அதிற் சேர்வதற்கு அஃதொன்றே போதிய காரணம் ஆகாது. செமிலிங்குக்குச் சொல்லும் இவை பிற கல்லூரிகளுக்கும் பொருந்தும்.

புறப்படுமுன் அறிய வேண்டுவன

வீட்டில் இருந்தே அறியக்கூடியவற்றை வளாகத்துக்குப் போய்க் கேட்பது வீண். அவற்றுள் தலையாயது ஏற்பு. 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த மலேசியத் தகுதி முகமை, ஏற்புப் பெற்ற படிப்புகளின் பதிவேட்டை எவரும் காணும்படி இணையத்தில் வைத்துள்ளது. கல்லூரியின் பெயர் அதில் இருந்தால் மட்டும் போதாது. சேரக் கருதும் படிப்பின் பெயர் இருத்தல் வேண்டும். ஒரே கல்லூரியில் ஒரு படிப்பு முழு ஏற்புப் பெற்றிருக்க, மற்றொன்று தற்காலிக ஏற்புடனே நடக்கக்கூடும். புதிய படிப்பின் முதல் அணி மாணவர் முடிக்கும் தறுவாயில்தான் முழு ஏற்புக்கு ஆராய்வர். தற்காலிக ஏற்பு குற்றம் அன்று. ஆயின் அது தெரிந்தே சேர வேண்டும்.

மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல், பொறியியல், செவிலியம் போன்றவற்றுக்குத் தொழிற்குழுவின் ஏற்பும் இன்றியமையாதது. மருத்துவப் பட்டம் பெற்றவர் 1971ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தின்கீழ் மலேசிய மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றாலன்றி நோயாளியைத் தொட இயலாது. வெளிநாடுகளில் மலிவான மருத்துவக் கல்லூரி தேடிச் செல்வோர் இதனை மறந்து இடர்ப்படுகின்றனர்.

எந்த வளாகம் என்பதும் முன்னரே தெளிய வேண்டிய ஒன்று. பினாங்கில் 1969இல் தொடங்கிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் அழகிய மிண்டன் வளாகத்தைக் கண்டு, அங்கே மருத்துவம் பயிலலாம் என்று மகிழ்ந்து திரும்பும் மாணவன் ஏமாறுவான். அப்பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளி இருப்பது கிளந்தானில், குபாங் கெரியானில். பொறியியல் பள்ளிகளோ நிபோங் திபாலில். பிள்ளை ஐந்தாண்டு வாழப்போவது எவ்விடமோ அவ்விடத்தைக் காண்பதே காட்சி.

மூன்றாவது பணம். கையேட்டில் ஒரு பருவத்தின் கட்டணம் முன்னே நிற்கும். படிப்பு முழுமைக்கும் ஆகும் தொகையை, விடுதி, உணவு, நூல், தேர்வு, போக்குவரவு உட்பட, ஒரு தாளில் கூட்டி எழுதிக்கொண்டே புறப்பட வேண்டும். கூட்டத் தெரியாத இடங்களை வெற்றாக விட்டால், அவ்வெற்றிடங்களே அன்று கேட்க வேண்டிய வினாக்கள் ஆகும். 1997இல் அமைந்த பி.டி.பி.டி.என். நிதியத்தின் கடன் பலர்க்கு ஊன்றுகோல். ஆனால் தனியார் கல்லூரியில் மருத்துவம் போன்ற செலவு மிக்க படிப்புக்கு அக்கடன் முழு ஈடாகாது. எஞ்சிய தொகை எங்கிருந்து வரும் என்பதற்கு விடை காணாமல் முதலாண்டில் சேர்த்துவிட்டு, மூன்றாம் ஆண்டில் வீட்டை ஈடு வைக்கும் நிலை எவர்க்கும் வரலாகாது. ஊழியர் சேமநிதியிலிருந்து பிள்ளையின் உயர்கல்விக்குப் பணம் எடுக்க இடமுண்டு என்பது பலர்க்குத் தெரியும். அது முதுமைக்கு வைத்த பணம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

இவ்வளவும் மிகையான அச்சம் என்று கருதுவோர் 2014ஐ நினைத்துப் பார்க்கலாம். செபராங் பிறையில், கப்பளா பத்தாஸில், மருத்துவம் கற்பித்து வந்த தனியார் கல்லூரி ஒன்று பொருள்முடையால் நிலைகுலைந்து அவ்வாண்டில் மூடப்பட்டது. பயின்றுகொண்டிருந்த மாணவர்கள் வேறு கல்லூரிகளைத் தேடிப் போக நேர்ந்தது. கட்டடங்களைச் சுற்றிப் பார்த்தவர் எவர்க்கும் அது முன்கூட்டித் தெரிந்திராது. ஊதியம் காலத்தில் கிடைக்கிறதா என்று அங்கு வேலை செய்யும் ஒருவரிடம் கேட்டவர்க்கு ஒருவேளை தெரிந்திருக்கலாம்.

எந்நாளிற் செல்வது

கல்லூரிகள் ‘ஓப்பன் டே’ என்று அறிவிக்கும் நாளில் வாயிலில் தோரணம் இருக்கும், கூடங்களில் மேசைகள் இருக்கும், மேசைதோறும் முகமலர்ச்சியோடு ஒருவர் இருப்பார். விரிவுரையாளர் பலரை ஒரே இடத்திற் காணும் வாய்ப்பு அன்று கிட்டும், அஃதொரு நன்மை. மற்றபடி அன்று காணப்படுவது கல்லூரி அன்று, கல்லூரியின் கலியாணக்கோலம். பெண் பார்க்கச் சென்ற வீட்டில் அன்று மட்டும் விரித்த பாயைக் கண்டு மயங்காத பெரியோர், கல்லூரியில் மயங்கிவிடுவது விந்தையே.

சாதாரண வேலைநாள் ஒன்றில், பருவம் நடக்கும்போது செல்வதே சிறப்பு. செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு நூலகத்தில் எத்தனை பேர் இருக்கின்றனர்? ஆய்வுக்கூடம் பூட்டிக் கிடக்கிறதா? விரிவுரையாளர் அறைக் கதவுகளில் மாணவரைச் சந்திக்கும் நேரம் எழுதி ஒட்டப்பட்டுள்ளதா? எழுதிய நேரத்தில் அவர் இருக்கிறாரா? இவை கலியாணக்கோலத்தில் தெரியா. சுங்கை பட்டாணியிலும் பீடோங்கிலும் கூலிமிலும் இருப்போர் செமிலிங்குக்கு இருமுறை செல்லலாம்: கொண்டாட்ட நாளில் ஒருமுறை, வெறும் நாளில் ஒருமுறை. ஜொகூரிலிருந்தும் பகாங்கிலிருந்தும் வருவோர்க்கு ஒருமுறைதான் இயலும் என்றால் வெறும் நாளையே தேர்க. முன்னதாக எழுதி இசைவு பெற்றுச் செல்லுதல் வேண்டும். விடுமுறைக் காலமா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆளில்லா வளாகத்தில் அமைதியைக் கண்டு வியந்து திரும்பியவர்கள் உண்டு.

வகுப்பில் அமர்தல்

இசைவு கேட்கும்போதே, முதலாண்டு விரிவுரை ஒன்றில் மாணவன் பின்வரிசையில் அமரலாமா என்றும் கேட்கலாம். இதனைப் பெரும்பாலோர் கேட்பதில்லை. ஆனால் தமிழ்ப்பள்ளி மாணவர்க்கு இதனினும் பயனுள்ள சோதனை வேறில்லை. ஆறாண்டு தமிழில் கற்று, இடைநிலைப் பள்ளியில் மலாய் மொழியில் கற்று, பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் கற்கப் புகும் பிள்ளை அவன். மூன்றாம் மொழியில், மருத்துவச் சொற்கள் நிறைந்த விரிவுரை ஒருமணி நேரம் ஓடும்போது எவ்வளவு விளங்குகிறது என்பதை வேறு எவரும் அவனுக்குச் சொல்ல இயலாது. பாதி விளங்கினால் கவலையில்லை. ஓராண்டு அடிப்படைக் கல்வி அதனை ஈடு செய்யும். ஒன்றுமே விளங்காவிடின், கல்லூரி சேருமுன் ஆங்கிலத்துக்கு ஆறு திங்கள் ஒதுக்குவதே அறிவுடைமை. ஸ்ரீவிஜயத்தில் நின்று மொழி கற்றபின் நாலந்தா சென்ற இத்சிங் செய்ததும் அதுவே.

அவ்வகுப்பில் மற்றொன்றும் நோக்க வேண்டும். மாணவர் வினா எழுப்புகின்றனரா? எழுப்பினால் ஆசிரியர் முகம் எவ்வாறு மாறுகிறது? மடற்பனையை அடையாளம் காண இதுவே வழி. கருக்கு நிறைந்த மட்டை சூழ்ந்த பனையில் ஏறிப் பறிக்க முடியாது, தானே விழும் பழத்தைத்தான் எடுக்கலாம். அணுக விடாத ஆசிரியரும் அத்தகையரே.

மருத்துவமனையே வகுப்பறை

மருத்துவம் பயில விரும்புவோர் செமிலிங்கிற்கு வந்து வளாகத்தை மட்டும் பார்த்துச் சென்றால் பாதியைத்தான் பார்த்தவர் ஆவர். ஐந்தாண்டுப் படிப்பில் முதல் ஈராண்டு பெரும்பாலும் விரிவுரையும் ஆய்வுக்கூடமும். பின் மூன்றாண்டு நோயாளியின் கட்டிலருகே. அக்கட்டில்கள் வளாகத்தில் இல்லை. சுங்கை பட்டாணியிலுள்ள சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனை போன்ற அரசாங்க மருத்துவமனைகளில் உள்ளன. ஆகவே மூன்றாம் நான்காம் ஆண்டு மாணவரிடம் கேட்க வேண்டிய வினா ஒன்று: ஒரு நோயாளியைச் சுற்றி எத்தனை மாணவர் நிற்கின்றனர்? அறுவர் நின்றால் அறுவரும் இதயத்துடிப்பைக் கேட்பர். பதினைவர் நின்றால் முன்வரிசையிலுள்ள மூவர் கேட்பர், மற்றையோர் அவர்தம் முதுகைக் காண்பர். அதே மருத்துவமனையில் வேறு எந்தக் கல்லூரி மாணவர் பயில்கின்றனர், அங்கே போய்வர வண்டி உண்டா, இரவுப் பணியில் நின்றபின் பெண்பிள்ளைகள் விடுதிக்கு எவ்வாறு திரும்புகின்றனர் என்பனவும் கேட்கத்தக்கன.

பல் மருத்துவத்துக்கு வேறு கணக்கு. நாற்காலிகள் எத்தனை என்பதைவிட நோயாளிகள் எத்தனை பேர் வருகின்றனர் என்பதே முதன்மை. பயிற்சிக்கு உரிய நோயாளி வாராமையால் இறுதியாண்டில் மாணவர் தாமே ஆளைத் தேடி அலைய வேண்டியிருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம்.

பொறியியல், உயிர்த் தொழில்நுட்பம் முதலியவற்றுக்கு ஆய்வுக்கூடம். அங்கே உள்ள கருவிகளின் பெயரைக் கேட்டு மலைக்க வேண்டா. பல கூடங்களில் விலையுயர்ந்த கருவியருகே அதனைப் பயன்படுத்தியவர் பெயரும் நாளும் எழுதும் ஏடு ஒன்று தொங்கும். கடைசியாக எழுதிய நாள் எது என்று பார்த்தால் போதும். ஈராண்டுக்கு முந்திய நாளாயின், அக்கருவி பருத்திக் குண்டிகை போன்றது: உள்ளே நிறைந்திருக்கும், வெளியே வாராது.

எவரிடம் கேட்பது

வளாகத்தைச் சுற்றிக் காட்ட ஒரு மாணவரை அனுப்புவர். அவர் பொய் சொல்லமாட்டார். ஆனால் சொல்லச் சொன்னதையே சொல்வார். தோட்டத்துத் தாய்மார்க்கு இத்தடையைத் தகர்க்கும் கலை இயல்பாகவே வாய்த்துள்ளது. “தம்பி, நீங்க எந்த ஊருப் பிள்ளை? அப்பா என்ன வேலை செய்றாங்க?” என்று ஓர் அம்மாள் கேட்டால், வழிகாட்டி மறைந்து பிள்ளை வெளிப்படும். “சித்தியவான் பக்கம், ஆன்ட்டி. அப்பா லோரி ஓட்டுறாரு” என்ற விடைக்குப் பின்னர் வருவனவெல்லாம் உண்மையாகவே இருக்கும்: கைச்செலவுக்கு மாதம் எத்தனை வெள்ளி ஆகிறது, விடுதியில் தண்ணீர் நிற்கிறதா, உணவுக்கடை எப்பொழுது மூடும், காய்ச்சல் வந்தால் யார் கொண்டுபோவார், வார இறுதியில் பிள்ளைகள் ஊருக்குப் போய்விடுகின்றனரா. ஊரை விட்டு ஒதுங்கி, மாணவர் உள்ளேயே தங்கிப் பயிலும் செமிலிங் போன்ற வளாகத்தில் இவை சிறு கேள்விகள் அல்ல. ‘படிப்பைப் பற்றிக் கேட்காமல் சோற்றைப் பற்றிக் கேட்கிறாளே’ என்று கணவர் கடிந்துகொள்வதுண்டு. பசியாலும் தனிமையாலும் படிப்பை விட்டவர் கதை தெரிந்தவர் அவ்வாறு கடியார்.

தந்தையர் நிலை வேறு. அலுவலகத்தார் ஆங்கிலத்திலோ மலாயிலோ விரைந்து பேச, மகன் தலையசைக்க, தந்தை வெளியே மரத்தடியில் நின்றுவிடுகின்றார். கையொப்பம் இடும் நேரத்தில்தான் உள்ளே அழைக்கப்படுகின்றார். இக்காட்சி மாற வேண்டும். உடன் செல்லும் தமிழாசிரியர் செய்யக்கூடிய தலைசிறந்த உதவி, தாமே எல்லாம் பேசுவது அன்று. சொல்லப்பட்டதைத் தந்தைக்குத் தமிழில் எடுத்துரைத்து, அவர் வினாவை அலுவலகத்தாரிடம் சேர்ப்பது. பணம் கட்டப்போகிறவர்க்குப் புலப்படாத ஒன்றில் அவர் கையொப்பம் இடலாகாது.

‘இன்று பதிந்தால் பதிவுக் கட்டணம் இல்லை’ என்பது அந்நாளில் எங்கும் ஒலிக்கும் வாசகம். ஐந்தாண்டுப் படிப்பின் முழுச் செலவில் அச்சலுகை எத்துணைச் சிறியது என்று முன்னர்க் கூட்டிய தாளைப் பார்த்தால் விளங்கும். அன்று பதிய வேண்டா. பின்வாங்கினால் எவ்வளவு பணம், எத்தனை நாளில் திரும்பும் என்பதையும், உதவித்தொகை உண்டென்றால் அது ஒவ்வோர் ஆண்டும் தொடர எத்தனை மதிப்பெண் பெற வேண்டும் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கி வருவதே அன்றைய வேலை.

இன்னும் ஒரு வினா. பட்டம் பெற்றவர்கள் இப்பொழுது எங்கே உள்ளனர்? கல்லூரிச் சுவரிலே தொங்கும் மூன்று நான்கு முகங்கள் இதற்கு விடையாகா. கடந்த மூன்று அணிகளில் எத்தனை பேர் சேர்ந்தனர், உரிய காலத்தில் எத்தனை பேர் முடித்தனர் என்று கேட்க வேண்டும். சேர்ந்தோர்க்கும் முடித்தோர்க்கும் உள்ள இடைவெளியே கல்லூரியின் உண்மைக் கணக்கு. மருத்துவத்தைப் பொறுத்தவரை வேலைநிலையும் மாறியுள்ளது. 2016 திசம்பர் முதல் புதிய மருத்துவர்கள் அரசாங்கப் பணியில் ஒப்பந்த முறையில் அமர்த்தப்பட்டனர். அதனால் எழுந்த மனக்குறை 2021 சூலை 26இல் ஒப்பந்த மருத்துவர் வேலைநிறுத்தமாக வெளிப்பட்டது. பட்டம் பெற்ற மறுநாள் நிலையான அரசாங்க வேலை என்னும் பழைய நம்பிக்கையோடு கடன் வாங்குவோர் இதனை அறிந்தே வாங்க வேண்டும்.

திரும்பியபின்

மாணாக்கர் வகையுள் அன்னத்தையும் நெய்யரியையும் நன்னூல் எதிரெதிர் நிறுத்துகிறது. அன்னம் பாலைக் கொண்டு நீரை விடும். நெய்யரியோ நெய்யை விட்டுக் கசடைப் பற்றிக்கொள்ளும். கல்லூரி கண்டு வந்தவன் அன்றிரவே தான் கண்டதை ஏட்டில் எழுதாவிடின், மறுவாரம் நீச்சல் குளமும் குளிர்ச்சாதனமுமே நெஞ்சில் எஞ்சும். பெற்றோரும் மாணவனும் தனித்தனியே எழுதிப் பின் ஒப்பிட்டுப் பார்ப்பது இன்னும் நன்று. ஒரே இடத்தை மூவர் மூன்று விதமாகக் கண்டிருப்பர்.

ஒன்றை மட்டும் கண்டு எதனையும் எடைபோட இயலாது. செமிலிங்கில் சேர்வதென்றே முடிவு செய்தவரும் வேறொரு கல்லூரியை ஒருமுறை காண வேண்டும். வடக்கே சிந்தோக்கில் 1984இல் தோன்றிய வட மலேசியப் பல்கலைக்கழகம் உள்ளது. சுங்கை பட்டாணியிலேயே ஆசிரியர் பயிற்சிக் கழகம் உள்ளது. கடல் கடந்தால் பினாங்கு. தமிழையே உயர்படிப்பாகக் கொள்ள விரும்புவோர் கோலாலம்பூர் சென்று மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறையைக் காணலாம். 1956இல் தொடங்கிய அத்துறைக்குத் தனிநாயகம் அடிகள் 1961 முதல் தலைமை தாங்கினார். முதல் உலகத் தமிழ் மாநாடு 1966இல் கோலாலம்பூரில் கூடியதும் அவர் முயற்சியால். அதன் நூலகத் தட்டுகளைக் கண்ட பின்னரே தமிழ் கற்பதா வேண்டாவா என்று முடிவு செய்யும் மாணவன் நல்வினை உடையவன்.

பள்ளிகள் மாணவரைத் திரளாக அழைத்துச் செல்லும் முறை பற்றியும் கூற வேண்டும். நாற்பது பேரைப் பேருந்தில் ஏற்றிச் சென்று, கூடத்தில் அமர்த்தி, படம் காட்டி, சிற்றுண்டி உண்பித்துத் திரும்பும் பயணத்தில் எவனும் எதையும் கேட்பதில்லை. அந்நாற்பதின்மரை எண்மர் எண்மராகப் பிரித்து, ஒரு குழு விடுதியை, ஒரு குழு நூலகத்தை, ஒரு குழு கட்டணத்தை, ஒரு குழு மூத்த மாணவரை, ஒரு குழு ஆய்வுக்கூடத்தை ஆராயும்படி முன்னரே பணித்தால், மறுநாள் வகுப்பில் ஐந்து அறிக்கைகள் கிடைக்கும். அவற்றைப் பள்ளியிலே ஒரு தடித்த ஏட்டில் சேர்த்துவைத்தால் அடுத்த ஆண்டு மாணவர்க்கு உதவும்.

யாரை அழைத்துச் செல்வது என்பதிலும் ஒரு பிழை நேர்கிறது. ஐந்தாம் படிவத்தாரையே அழைத்துச் செல்கின்றனர். அவர்களுள் வேதியியலும் உயிரியலும் எடுக்காதவன் மருத்துவ வளாகத்தைக் கண்டு என் செய்வான்? ஆசை அங்கே பிறக்கும். வழியோ ஈராண்டுக்கு முன்னரே அடைபட்டிருக்கும். பாடத் தேர்வு நிகழ்வது நான்காம் படிவத்தின் தொடக்கத்தில். ஆதலின் செமிலிங் போன்ற வளாகத்தை மூன்றாம் படிவத்து மாணவர் காண வேண்டும், தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டு மாணவர் கண்டாலும் குற்றமில்லை. பீடோங் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளுக்கு அது சிறு பயணமே. காலையில் வளாகத்தைக் கண்டு, அதே சாலையில் மேற்சென்று, நண்பகலில் மெர்போக் அருங்காட்சியகத்தில் பூஜாங் பள்ளத்தாக்கின் பழங்கோயில் அடித்தளங்களையும் கண்டு, பள்ளி விடும் நேரத்துக்குள் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்துவிடலாம்.